எக்ஸ்ரேவில் ஒன்றும் இல்லை, ஆனாலும் பல் வலிக்கிறது: முப்பரிமாண ஸ்கேன் எடுக்கலாமா?

வாசகியின் கடிதம், சுருக்கமாக

திருச்சி மாவட்டத்திலிருந்து 46 வயதுப் பள்ளி ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். மேல் வரிசையில் வலப்பக்க முதல் பெரிய கடைவாய்ப் பல்லுக்கு 14 மாதங்களுக்கு முன் ரூட் கேனால் செய்து கேப் போட்டிருக்கிறார். கொஞ்ச காலம் நன்றாக இருந்திருக்கிறது. அப்புறம் அந்தப் பக்கம் ஒரு மந்தமான வலி தொடங்கி, இன்றுவரை விடவில்லை. முறுக்கு, வேர்க்கடலை போன்றவற்றை மெல்லும்போது கூடுகிறது. குனிந்து நோட்டுத் திருத்தும்போது கன்னம் கனக்கிறது. சில நாட்களில் காது, நெற்றிப்பொட்டு வரை பரவுகிறது. காலையில் எழுந்திருக்கும்போதே தாடை அயர்ந்து கிடக்கிறது.

மூன்று பல் மருத்துவர்களைப் பார்த்திருக்கிறார். "எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது, மனதில் போட்டுக்கொள்ளாதீர்கள்" என்றார் முதலாமவர். பல்லைப் பிடுங்கிவிட்டு இம்பிளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) வைக்கலாம் என்றார் இரண்டாமவர். சிபிசிடி எனப்படும் முப்பரிமாண ஸ்கேன் எடுத்துவரச் சொன்னார் மூன்றாமவர். ஸ்கேன் மையத்தில் அந்தப் பல் பகுதிக்கு மட்டும் 2,500 ரூபாய், முகம் முழுவதற்கும் 4,500 ரூபாய் என்றார்களாம். "எடுப்பதென்றால் முழுசாகவே எடுத்துவிடலாமா? கதிர்வீச்சால் புற்றுநோய் வந்துவிடாதா? நரம்பையே எடுத்த பல் எப்படி வலிக்கும்? ஸ்கேனிலும் ஒன்றும் இல்லையென்றால் பிடுங்கிவிடுவதுதான் வழியா?" என்று கேட்கிறார். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். வலிக்கு டைக்ளோஃபெனாக் மாத்திரையை மருந்துக்கடையில் வாங்கி அடிக்கடி போட்டுக்கொள்கிறார். இரண்டு முறை ஆண்டிபயாடிக்கும் எடுத்திருக்கிறார்.

பல் வேர் சிகிச்சை நிபுணரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் வலி நிஜமானது. எக்ஸ்ரேவில் ஒன்றும் தெரியவில்லை என்றால், அந்த எக்ஸ்ரேவில் தெரியவில்லை என்பது மட்டும்தான் அதற்குப் பொருள். நோயாளியிடம் "மனதில் போட்டுக்கொள்ளாதீர்கள்" என்று சொல்லி அனுப்புவதை நான் ஏற்கமாட்டேன். காரணம் இன்னும் பிடிபடவில்லை என்று சொல்லியிருந்தால் அது நேர்மையாக இருந்திருக்கும். நீங்களும் இத்தனை மாதம் உங்களையே சந்தேகப்பட்டிருக்க மாட்டீர்கள்.

முதலில் நரம்பு விஷயம். ரூட் கேனாலில் எடுப்பது பல்லுக்குள் இருக்கும் மெல்லிய திசுவை. பல்லைத் தாடையில் பிடித்துவைத்திருக்கும் சவ்வு, சுற்றியுள்ள எலும்பு, ஈறு ஆகிய எல்லாவற்றிலும் உணர்வு நரம்புகள் அப்படியே இருக்கின்றன. உள்ளே கிருமி மிஞ்சி, வேர் நுனி வழியாக வெளியே கசிந்தால், "நரம்பு எடுத்த" பல்லும் மெல்லும்போது நன்றாகவே வலிக்கும்.

எக்ஸ்ரே எதைத் தவறவிடுகிறது

சுவரில் விழும் கையின் நிழலைப் பார்த்து எந்த விரல் முன்னால், எந்த விரல் பின்னால் என்று சொல்ல முடியாதல்லவா, சாதாரண பல் எக்ஸ்ரேயும் அப்படித்தான். உங்கள் பல் இருக்கும் இடம் இந்த விஷயத்தில் மிகவும் சிக்கலான இடம். மேல் முதல் கடைவாய்ப் பல்லுக்குப் பொதுவாக மூன்று வேர்கள்: கன்னத்துப் பக்கம் இரண்டு, அண்ணத்துப் பக்கம் ஒன்று. எக்ஸ்ரேவில் இவை ஒன்றன்மேல் ஒன்றாக விழும். அதன்மேல் கன்ன எலும்பின் வெண்ணிழல் வந்து படியும். வேர் நுனிகளுக்கு மேலேயே சைனஸ் என்னும் காற்றறை தொடங்குகிறது. சிலருக்கு நுனிக்கும் சைனஸுக்கும் நடுவே காகிதம் போன்ற எலும்புதான் இருக்கும்.

இன்னொரு விஷயமும் உண்டு. 1961-இல் அமெரிக்காவில் பெண்டர், செல்ட்சர் என்ற இரு பல் மருத்துவ ஆய்வாளர்கள், இறந்தவர்களின் தாடை எலும்புகளில் வேண்டுமென்றே குழி தோண்டி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். உள்ளே இருக்கும் பஞ்சு போன்ற எலும்பில் மட்டும் குழி இருந்தவரை படத்தில் அது தெரியவில்லை. வெளிப்புறத்துக் கெட்டியான எலும்பை அது தொட்டபிறகுதான் தெரியத் தொடங்கியது. வேர் நுனியில் புண் இருந்தும் படம் சுத்தமாக இருக்க முடியும் என்பதை நாங்கள் கல்லூரியிலேயே படிக்கிறோம். வெளிநோயாளிகள் கூட்டத்தின் அவசரத்தில்தான் அது மறந்துபோகிறது.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் எழுந்த சந்தேகம், விடுபட்ட வேர்க்குழாய். கன்னத்துப் பக்க வேர்கள் இரண்டில் முன்னால் இருப்பதில், பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரண்டாவதாக ஒரு குழாய் இருக்கிறது. அதன் வாய் மிகச் சிறியது. நுண்ணோக்கி இல்லாமல் வேலை செய்யும்போது எளிதில் தப்பிவிடும். அதைச் சுத்தம் செய்யாமல் கேப் போட்டுவிட்டால், கொஞ்ச காலம் அமைதியாக இருந்துவிட்டு மெல்ல மெல்ல இப்படித்தான் தொந்தரவு தரும். உங்கள் மருத்துவர் அலட்சியமாகச் செய்தார் என்று இதை வைத்து முடிவுகட்டிவிடாதீர்கள். கைதேர்ந்தவர்களுக்கும் தப்பக்கூடிய குழாய் அது.

ஆனால் இது சந்தேகம் மட்டுமே. குனியும்போது கனப்பது சைனஸைக் காட்டுகிறது. காலையில் தாடை அயர்ந்திருப்பதும் நெற்றிப்பொட்டு வலியும், தூக்கத்தில் பல்லை நெரிப்பதால் வரும் தசை வலியாக இருக்கலாம். கடினமானதைக் கடித்து விடும் கணத்தில் சுருக்கென்றால் பல்லிலோ வேரிலோ விரிசல் இருக்கலாம். பக்கத்துப் பல்லின் வலியே இந்தப் பல்லில் இருப்பதுபோல் தோன்றுவதும் உண்டு. ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்தும் இருக்கலாம்.

ஸ்கேனுக்கு முன் நாற்காலியில் நடக்க வேண்டியவை

ஸ்கேன் வடிவத்தைக் காட்டும், வலியைக் காட்டாது. எந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறோம் என்று தெரிந்துகொண்டு எடுத்தால்தான் அது உதவும். அதனால் முதலில் ஒரு முழுமையான பரிசோதனை வேண்டும். அதற்கு அரை மணி நேரம்கூட ஆகலாம். அந்தப் பக்கத்துப் பற்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும். பல்லின் ஒவ்வொரு முகட்டிலும் தனித்தனியாகக் கடிக்கச் சொல்லி, கடிக்கும்போது வலிக்கிறதா, விடும்போதா என்று கேட்க வேண்டும். பக்கத்துப் பற்களில் குளிர்ச்சியை வைத்து அவை உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே அளவுக்கம்பியை விட்டு ஆழத்தைச் சுற்றிலும் அளக்க வேண்டும். ஒரே ஓரிடத்தில் மட்டும் கம்பி குறுகலாக, ஆழமாக இறங்கினால் வேர் நெடுக்காகப் பிளந்திருக்கலாம் என்று பொருள். கன்னத் தசையையும் நெற்றிப்பொட்டுத் தசையையும் அழுத்தும்போது "இதேதான் டாக்டர்" என்று நீங்கள் சொன்னால் அது மிகப் பெரிய துப்பு. ஏனென்றால் கன்னத் தசையின் வலி மேல் கடைவாய்ப் பல்லில் போய் உட்காரும் பழக்கம் உடையது.

மரத்துப்போகும் ஊசியைக் கொண்டு செய்யும் சோதனை ஒன்றும் இருக்கிறது. வலி இருக்கும் நேரத்தில் அந்தப் பல்லை ஒட்டி மட்டும் ஊசி போடுவார்கள். வலி முழுதும் அடங்கினால் ஊற்று அந்த இடத்தில்தான். பல் நன்றாக மரத்த பிறகும் வலி அப்படியே இருந்தால், பல்லைக் குற்றம் சொல்வதை நிறுத்திவிட்டு வேறு இடத்தில் தேட வேண்டும். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் யாரும் உங்கள் பல்லைப் பிடுங்க அனுமதிக்காதீர்கள்.

14 மாதங்களுக்கு முன், சிகிச்சைக்கு முன்னால் எடுத்த எக்ஸ்ரேயைத் தேடி எடுங்கள். ரூட் கேனால் செய்தபின், எக்ஸ்ரேவில் வேர் நுனியில் தெரியும் கருமை (எலும்பு கரைந்த இடம்) முழுதாக ஆற சிலருக்கு இரண்டு, மூன்று வருடங்கள்கூட ஆகும். இப்போது கருமை இருக்கிறது என்பதால் மட்டும் சிகிச்சை தோற்றுவிட்டது என்று சொல்ல முடியாது. முன்பைவிடச் சுருங்கியிருக்கிறதா, பெருத்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

சரி, ஸ்கேன் எடுக்கலாமா?

எடுக்கலாம். உங்கள் நிலைமையில் அது நியாயமானது. அமெரிக்க வேர் சிகிச்சை நிபுணர்கள் சங்கமும் வாய் கதிரியல் அகாடமியும் சேர்ந்து 2015-இல் புதுப்பித்த கூட்டறிக்கை, ரூட் கேனால் செய்த பல்லில் அறிகுறிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமலோ தெளிவில்லாமலோ இருந்தால் சிறிய பரப்பு சிபிசிடி எடுப்பதையே பரிந்துரைக்கிறது. ஆனால் எல்லா நோயாளிக்கும் வழக்கமாக எடுக்கும் படமாக அது ஆகிவிடக் கூடாது, சாதாரண எக்ஸ்ரேயும் பரிசோதனையும் முதலில் வர வேண்டும் என்பதில் அமெரிக்க, ஐரோப்பிய வழிகாட்டுதல்கள் இரண்டுமே உறுதியாக இருக்கின்றன.

"சிறிய பரப்பு" என்பதைக் கவனியுங்கள். முகம் முழுவதையும் எடுத்தால் அதிகம் தெரியும் என்று நினைக்கிறீர்கள். உங்கள் கேள்விக்கு அது நேர்மாறு. இந்த இயந்திரம் கூம்பு வடிவக் கதிரைப் பாய்ச்சியபடி தலையைச் சுற்றி வரும். சில நொடிகளில் நூற்றுக்கணக்கான படங்கள் எடுத்து, கணினியில் அவற்றை ஒன்றாக்கும். நாலைந்து சென்டிமீட்டர் பரப்புக்குள் எடுத்தால் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவு நுணுக்கம் கிடைக்கும். முழு முகமாக எடுக்கும்போது பொதுவாக அந்த நுணுக்கம் குறைந்து, விடுபட்ட மெல்லிய குழாய் மங்கிப்போகும். கதிர்வீச்சு கூடும், பணமும் கூடும். உங்களுக்கு வேண்டியது 2,500 ரூபாய் ஸ்கேன். அந்தப் பல், அதன் இரு பக்கத்துப் பற்கள், மேலே சைனஸின் அடித்தளம், இவ்வளவும் உள்ளடங்கினால் போதும்.

கதிர்வீச்சுப் பயத்தைப் பற்றி. பல் ஒன்றுக்கு எடுக்கும் சாதாரண எக்ஸ்ரே பொதுவாகப் பத்து மைக்ரோசீவர்ட்டுக்குள் (கதிர்வீச்சை அளக்கும் அலகு) இருக்கும். சிறிய பரப்பு சிபிசிடி, இயந்திரத்தைப் பொறுத்துச் சில பத்துகளிலிருந்து நூறைச் சற்றுத் தாண்டும்வரை போகும். மருத்துவமனையில் எடுக்கும் தலை சிடி ஸ்கேன் ஏறத்தாழ 2,000. மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் ஒரு மனிதர் வருடத்துக்கு உலகச் சராசரியாகப் பெறுவது 2,400. அதாவது 50 மைக்ரோசீவர்ட் ஸ்கேன், நீங்கள் ஒரு வாரம் சும்மா இருந்தாலே வாங்கும் அளவுதான். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி போன்ற தாதுமணல் கடற்கரைகளில் இயற்கைக் கதிர்வீச்சு இந்தச் சராசரியைவிடவே கூடுதல். இதற்காகக் கதிர்வீச்சை இலேசாக எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. தேவையில்லாத ஒரு படமும் எடுக்கக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை "எதற்கும் பார்த்துவிடலாம்" என்று சிபிசிடி எடுப்பது தவறு. தெளிவான காரணத்தோடு ஒரு முறை எடுக்க நீங்கள் அஞ்ச வேண்டாம்.

அது காட்டாதவை

இந்த இடத்தில்தான் ஏமாற்றம் வருகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கேப்பில் உள்ள உலோகமும் வேருக்குள் அடைத்த பொருளும் கதிரைச் சிதைத்து, படத்தில் வெள்ளைக் கீற்றுகளையும் கறுப்புக் கோடுகளையும் உண்டாக்கும். அடைப்புக்குப் பக்கத்தில் விழும் கறுப்புக் கோடு அசல் விரிசல் மாதிரியே இருக்கும். அதைப் பார்த்து "வேர் உடைந்துவிட்டது" என்று சொல்லி, நல்ல பல்லை எடுத்துவிடும் ஆபத்து இருக்கிறது. மறுபக்கம், உண்மையான மெல்லிய விரிசல் இதில் தெரியாமலும் போகும். பெரும்பாலும் விரிசலைச் சுற்றி எலும்பு கரைந்திருக்கும் விதத்தை வைத்துத்தான் ஊகிக்கிறோம். அதையும் அளவுக்கம்பிச் சோதனையோடு சேர்த்துத்தான் நம்ப வேண்டும்.

தசை வலி, நரம்பு வலி எதுவும் இதில் தெரியாது. சைனஸின் உள்சவ்வு சற்றுத் தடித்திருப்பது எந்தத் தொந்தரவும் இல்லாத பலரிடமும் காணப்படும். அதைப் பார்த்ததும் காரணம் கிடைத்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. ஆனால் தடிப்பு சரியாக உங்கள் பல்லின் வேர் நுனிக்கு மேலேயே இருந்து, அந்த மூக்குத்துவாரத்தில் மட்டும் கெட்ட வாடையோ சளியோ இருந்தால், பல்லிலிருந்து சைனஸுக்குப் போன தொற்று என்று பார்க்க வேண்டும். அப்போது காது மூக்கு தொண்டை மருத்துவரும் பல் மருத்துவரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். தனித்தனியாகப் பார்த்தால் இருவரிடமும் அது தப்பிவிடும்.

முடிவைப் பொறுத்து என்ன செய்வது

விடுபட்ட குழாய் தெரிந்தால், நுண்ணோக்கி வைத்திருக்கும் வேர் சிகிச்சை நிபுணரிடம் மறு ரூட் கேனால் செய்துகொள்ளுங்கள். கேப்பைத் துளைத்தோ கழற்றியோதான் செய்ய வேண்டியிருக்கும், செலவும் உண்டு. ஆனால் உங்கள் சொந்தப் பல் பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அது முடியாத நிலையில் ஈறு வழியாக வேர் நுனியை மட்டும் வெட்டிச் சரிசெய்யும் சிறு அறுவை இருக்கிறது. வேர் நெடுக்காகப் பிளந்திருப்பது உறுதியானால், பெரும்பாலும் பல்லை எடுப்பதுதான் முடிவு. அப்போது இரண்டாவது மருத்துவர் சொன்ன இம்பிளான்ட் பொருத்தமாக இருக்கும்.

ஸ்கேன் சுத்தமாக வந்தால்? அப்போது பிடுங்கச் சொல்லும் யாரையும் கேட்காதீர்கள். வலியின் ஊற்று பல்லில் இல்லையென்றால், பல் போன பிறகும் அதே இடத்தில் வலி தொடரும். அப்புறம் பக்கத்துப் பல் மேல் சந்தேகம் போகும், அதையும் எடுப்பார்கள். இப்படி இரண்டு மூன்று நல்ல பற்களை இழந்துவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது மனம் கனத்துப்போகிறது. தசை வலியென்றால் இரவில் போடும் பல் தகடு, வெந்நீர் ஒத்தடம், தாடைக்கு ஓய்வு, பயிற்சி ஆகியவை போதும். முகம் கழுவும்போதோ பல் தேய்க்கும்போதோ மின்சாரம் பாய்ந்ததுபோல் சில நொடி மட்டும் வெட்டினால், அது முக நரம்பு வலி. நரம்பியல் மருத்துவரும் எம்ஆர்ஐயும் தேவைப்படும், மருந்தில் நன்றாகக் கட்டுப்படும். நீங்கள் எழுதியிருக்கும் வலி அந்த மாதிரி இல்லை. ரூட் கேனாலுக்குப் பிறகு நரம்பின் உணர்வே மாறிப்போய் நிலைத்துவிடும் வலியும் சிலருக்கு வரும்; அதற்கும் மருந்து இருக்கிறது, கத்தி வேண்டாம்.

உங்கள் உரிமைகள்

ஸ்கேனுக்குச் சம்மதிப்பதும் பல்லை எடுக்கச் சம்மதிப்பதும் வேறு வேறு. பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதத்தைச் சிகிச்சைக்கான சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் சமீரா கோலி வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மருத்துவப் பதிவுகளைக் கேட்டுப் பெறுவது, வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பது, பரிசோதனையை நீங்கள் விரும்பும் இடத்தில் செய்துகொள்வது ஆகியவை தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் இருக்கின்றன. பழைய மருத்துவரிடம் படங்களைக் கேட்கத் தயங்காதீர்கள்.

ஸ்கேனுக்குப் போகும்போது மருத்துவரிடம் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எந்தப் பல், என்ன சந்தேகம், எவ்வளவு பரப்பு என்று அதில் எழுதியிருக்க வேண்டும். அந்த மையத்துக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். படம் எடுக்கும்போது அசையாதீர்கள். சின்ன அசைவும் படத்தைக் கெடுக்கும். அச்சிட்ட பிலிமோடு திரும்பிவிடாமல், ஸ்கேன் முழுதும் அடங்கிய டைகாம் என்ற கணினிக் கோப்பை சிடியிலோ பென்டிரைவிலோ கேட்டு வாங்குங்கள். அது இருந்தால் எந்த மருத்துவரும் தன் கணினியில் பல்லைத் துண்டு துண்டாகத் திருப்பிப் பார்க்கலாம், மறுபடி எடுக்க வேண்டிவராது. வாய் கதிரியல் நிபுணர் கையெழுத்திட்ட எழுத்து அறிக்கையும் கேளுங்கள். பணம் சிரமமாக இருந்தால், பக்கத்தில் இருக்கும் பல் மருத்துவக் கல்லூரிகளின் வாய் நோய் மற்றும் கதிரியல் துறையில் விசாரியுங்கள். கட்டணம் பெரும்பாலும் குறைவாக இருக்கும்.

அதுவரை செய்ய வேண்டியது

டைக்ளோஃபெனாக்கை நிறுத்துங்கள். அது ரத்த அழுத்தத்தை ஏற்றும், உங்கள் அழுத்த மாத்திரையின் வேலையைக் கெடுக்கும், இரண்டும் சேர்ந்து சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். பாராசிட்டமால் உங்களுக்கு ஏற்றதா, எவ்வளவு போடலாம் என்று அழுத்தத்துக்கு மாத்திரை தரும் மருத்துவரிடமே கேளுங்கள். ஆண்டிபயாடிக்கையும் நீங்களாக வாங்காதீர்கள். விடுபட்ட குழாய்க்குள் ரத்த ஓட்டம் கிடையாது, மருந்து அங்கே போய்ச் சேராது. கொஞ்ச நாள் அடங்கி மறுபடி வரும், அவ்வளவுதான்.

அடுத்த பத்து நாட்களும் தினமும் ஒரு சிறு குறிப்பு எழுதுங்கள்: எப்போது வலித்தது, என்ன செய்துகொண்டிருந்தீர்கள், எவ்வளவு நேரம் நீடித்தது. அதைப் பார்த்தால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

கன்னமோ கண்ணுக்குக் கீழோ வீங்கினாலும், காய்ச்சல் வந்தாலும், வாய் திறக்கவோ விழுங்கவோ சிரமமாக இருந்தாலும், ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். மாடி ஏறும்போது தாடை வலித்து, உட்கார்ந்தால் குறைந்தால், அது இதயத்தின் வலியாக இருக்கலாம். தாமதிக்காமல் இதய மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சு இறுக்கமோ வியர்வையோ கூட வந்தால் உடனே 108-ஐ அழையுங்கள்.